கழுவித் தீராத கைகள்

பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த தாஸிமைக் கட்டிக்கொண்டு வெலிமடையிலிருந்து வந்தபோது ஜெனீராவுக்கு வயது பத்தொன்பது. அது அறுபத்திரண்டாம் வருஷம். கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டுக்குப் பின்னால் சின்ன முற்றம், அதில் ஒரு தண்ணீர்ப் பைப்பு, சீமெந்துத் தொட்டி, காய்த்தும் பழுக்காத ஒரு கொய்யா மரம். தாஸிம் நல்ல மனுஷன், கொஞ்சம் வாயாடி. ஞாயிற்றுக்கிழமைகளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு பசறை, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்கு பஸ் ஏறிவிடுவார். திரும்பி வந்ததும் தொழிலாளர் லயங்களில் கேட்ட கதைகளை எல்லாம் நடித்துக் காட்டுவார். ஜெனீரா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரிப்புக்குப் பேர்போனவளாகத்தான் அவள் அந்த வீட்டுக்கு வந்தாள்.

மறுவருஷம் மகன் நிஸாம் பிறந்தான். நான்கு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை. ஸைனப் என்று பேர் வைத்தார்கள். ஜெனீராவுக்குப் பால் போதவில்லை, போத்தல் பால்தான். மூன்றாவது மாதம் பிள்ளைக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கு மறுநாள் மவுத்தாகிவிட்டது.

பிள்ளையை வார்டில் சேர்க்கும்போது தாதி ஒருத்தி எல்லாத் தாய்மாரிடமும் கேட்கிற கேள்வியை இவளிடமும் கேட்டாள்: "போத்தல கொதிக்க வெச்சித்தானே குடுத்தீங்க?"

"ஓம்" என்றாள் ஜெனீரா.

அது முழு உண்மை இல்லை. பிள்ளைக்கு நோய் காண்பதற்கு முதல் நாள் அடைமழையில் விறகெல்லாம் நனைந்து அடுப்பு பிடிக்கவில்லை. பிள்ளை வீறிட்டு அழுதது. பைப்புத் தண்ணீரில் போத்தலை அலசிவிட்டுப் பாலை ஊற்றிக் கொடுத்தாள். ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையை அவள் தாஸிமிடம் சொல்லவில்லை, பெற்ற தாயிடமும் சொல்லவில்லை. குழந்தையை அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பி வந்தபோது அவள் சமையலறையில் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தாள். இனி அதில் பால் குடிக்க யாரும் இல்லை என்பது தெரிந்தும் கழுவினாள்.

முதலில் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் பாத்திரத்தை இரண்டு தடவை தேய்த்தால் யார் என்ன சொல்வார்கள்? பிறகு சட்டி பானை, பிறகு நிஸாமின் உடுப்பு, பிறகு தன் கைகள். ஆறேழு மாதத்தில் அது தொழுகைக்குள் புகுந்தது.

தொழுவதற்கு முன்னால் கை, வாய், முகம், கால் கழுவி ஒளு எடுப்பாள். எடுத்து முடிந்ததும் முழங்கை நனைந்ததா என்று சந்தேகம் வரும். திரும்ப எடுப்பாள். குதிகாலில் ஒரு புள்ளி காய்ந்திருக்குமோ? திரும்பவும். ஒருவழியாக முஸல்லா விரிப்பில் வந்து நின்று "அல்லாஹு அக்பர்" என்று கையை உயர்த்தினால், தொழப் போகிறேன் என்ற நிய்யத் மனதில் சரியாக வந்ததா என்று ஒரு குரல் கேட்கும். கையை இறக்கிவிட்டுத் திரும்ப உயர்த்துவாள். மத்தியான லுஹருக்கு நின்றவள் பின்னேர அஸருக்கு பாங்கு சொல்லும்வரை அதே இடத்தில் கையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த நாள்களும் உண்டு. மாதத்தில் தொழுகை இல்லாத அந்த ஏழு நாள்தான் அவளுக்கு ஓய்வு. எட்டாம் நாள் முழுக்குக் குளிப்பு இருக்கிறதே, அது காலையில் தொடங்கினால் பகல் சோற்று நேரம்வரை போகும். தொட்டி காலியாகிவிடும்.

மார்கழிக் குளிரில் அவள் கைகள் வெடித்து ரத்தம் கசிந்தது. தாஸிம் தேங்காயெண்ணெய் பூச வந்தால் கையை இழுத்துக்கொள்வாள்.

"போதும் புள்ள. அல்லா பாத்துட்டான், ஒன்ட கை சுத்தமெண்டு அவனுக்குத் தெரியும்" என்று கெஞ்சினார் தாஸிம்.

"ஒங்களுக்கு அது எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவளுக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

பள்ளியில் தொழுவிக்கும் இப்றாஹீம் லெப்பை நல்ல மனிதர். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "தங்கச்சி, மார்க்கம் லேசு. இது வஸ்வாஸ். ஷைத்தான் மனசுல போடுற ஊசலாட்டம். அவனுக்குக் காது குடுக்க வாணாம்." ஓதிய தண்ணீரும் கழுத்தில் கட்ட ஓர் இசிமுத் தாயத்தும் கொடுத்தனுப்பினார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஜெனீரா அதைக் கேட்ட விதம் வேறு. ஷைத்தான் தனக்குள்ளே குடியிருக்கிறான் என்று அவள் விளங்கிக்கொண்டாள். அன்றைக்கு வாயை மட்டும் அறுபது தடவை கொப்பளித்தாள்.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஒரு நாள். நிஸாமுக்கு அப்போது ஆறு வயது. ஒழுங்கைச் சந்தில் ஓடி விழுந்து நெற்றி பிளந்து, முகமெல்லாம் ரத்தமாக "உம்மா, உம்மா" என்று முற்றத்துக்குள் ஓடி வந்தான். ஜெனீரா அப்போதுதான் ஒளு எடுத்து முடித்திருந்தாள். விடிந்ததிலிருந்து எடுத்து, முதல் தடவையாக இது சரி என்று மனம் சொன்ன ஒளு. ரத்தம் பட்டால் உடுப்பு அசுத்தம். பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வருகிறான். அவள் ஒரு கையால் அவனைத் தள்ளினாள்.

"தொடாதே! என்னத் தொடாதே!"

பையன் தொட்டியின் விளிம்பில் மோதிக் கீழே விழுந்தான். அழுகையை நிறுத்திவிட்டான். அப்படியே உட்கார்ந்து தாயைப் பார்த்தான். கடைவாசலில் இருந்து ஓடிவந்த தாஸிம் எல்லாவற்றையும் கண்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த வாரமே பண்டாரவளையிலிருந்து தாஸிமின் மூத்த சகோதரி நபீலா ராத்தா வந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. "நான் கொஞ்ச நாளைக்கு வெச்சிக்கிறேன், இவளுக்கு சுகமாகட்டும்" என்று நிஸாமைக் கையில் பிடித்துக்கொண்டு ரயில் ஏறினாள். ஜெனீரா தடுக்கவில்லை. தன்னிடமிருந்து பிள்ளை தப்பிப் போகிறது, நல்லது என்றுதான் நினைத்தாள்.

அடுத்த மார்கழியில், ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் பதுளு ஓயா ஆற்றில் ஒரு பெண் நிற்பதைக் கண்டார்கள். கொட்டுகிற மழை, செம்மண் கலங்கிய வெள்ளம். கழுத்தளவு தண்ணீரில் ஜெனீரா முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தாள். நாலு பேர் கயிறு கட்டி இறங்கி அவளைக் கரைசேர்த்தார்கள். "இன்னும் ஒருக்கா, இன்னும் ஒரே ஒருக்கா" என்று அவர்களிடம் கெஞ்சினாளாம். சாகப் போனாளா, குளிக்கப் போனாளா என்று பிறகு பலரும் கேட்டார்கள். அவளுக்கே அது தெரியாது.

பதுளையில் பார்த்த டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார். தாஸிம் காலை ரயிலில் அவளைக் கூட்டிக்கொண்டு போய், கொழும்புக்கு அந்தப் பக்கம் இருந்த மனநோய் ஆஸ்பத்திரியில் விட்டார். வார்டுக் கதவு மூடும்வரை நின்றுவிட்டு, வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதாராம். இதை அவரே சொல்லி, பல வருஷத்துக்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த வார்டில் நாற்பது பேருக்கு மேல். பெரும்பாலும் சிங்களப் பெண்கள். தமிழ் பேசுகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். காலையில் ஒரு மணி நேரம் பைப்பில் தண்ணீர் வரும், அதைத் தொட்டியில் பிடித்து வைத்தால் நாள் முழுக்க அதுதான். ஜெனீராவுக்கு அது நரகம். மாத்திரை கொடுத்தார்கள், மூன்று நாலு தடவை தலைக்கு மின்சாரம் வைத்தார்கள். மாத்திரை விழுங்கினால் நாக்கு தடித்துத் தூக்கம் வந்தது. தூங்கி எழுந்தால் சந்தேகமும் எழுந்து உட்கார்ந்திருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் பெரியாயி என்று ஒரு பெண். மடுல்சீமைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் பேர் மாடசாமி என்பதும், இரண்டு பிள்ளைகள் என்பதும் தாதிமார் சொல்லித்தான் தெரியும். பெரியாயி பேசுவதில்லை. வந்து எட்டு மாதத்தில் ஒரு சொல் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஊட்டினால் விழுங்குவாள். படுக்கையிலேயே எல்லாம் போய்விடும். ஆயாமார் வந்து துடைத்து மாற்றுவார்கள்.

ஒரு நாள் காலை வேலைக்கு வந்தது இரண்டே பேர். வார்டின் மறுகோடியில் ஒருத்திக்கு வலிப்பு வந்து இரண்டு பேரும் அங்கே ஓடிவிட்டார்கள். பெரியாயியின் கட்டிலிலிருந்து நாற்றம் எழுந்தது. சீமெந்துத் தரையில் ஈரம் மெல்ல நகர்ந்து ஜெனீராவின் கட்டில் காலை நோக்கி வந்தது. ஜெனீரா கூப்பிட்டுப் பார்த்தாள். யாரும் திரும்பவில்லை.

இரக்கத்தில் செய்ததாக அவள் ஒருபோதும் சொன்னதில்லை. "எனக்கு அந்த மனுசியில எந்தப் பாசமும் இல்ல. அந்த அசுத்தம் எனக்கிட்ட வந்துரும் எண்டு பயம், அவ்வளவுதான்" என்றுதான் சொல்வாள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, பெரியாயியை எழுப்பி இழுத்துக்கொண்டு போய்த் தொட்டியடியில் உட்கார வைத்தாள். வாளியால் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். திரும்ப ஊற்றினாள். சுத்தமாகிவிட்டதா? தெரியவில்லை. திரும்பத் தேய்த்தாள். தன்னைக் கழுவுகிற அதே வெறியோடு அந்தப் பெண்ணைக் கழுவினாள். ஐந்து தடவை, ஆறு, ஏழு. கையில் சுற்றியிருந்த துணி எப்போது அவிழ்ந்து விழுந்தது என்று தெரியாது.

எட்டாவது வாளியைத் தூக்கும்போது கீழே இருந்து ஒரு குரல் வந்தது. துருப்பிடித்த கீல் மாதிரிக் கரகரத்த குரல்.

"போதும்ங்க. குளுருதுங்க."

ஜெனீரா வாளியைப் பிடித்தபடியே நின்றாள். அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கையெல்லாம் புல்லரித்து, பல் கிட்டித்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். போதும் என்று இதற்கு முன் எத்தனையோ பேர் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களெல்லாம் அவளுக்காகச் சொன்னவர்கள். இவள் தன் குளிருக்காகச் சொன்னாள். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

வாளியைக் கீழே வைத்தாள். ஓடிப்போய், தொழுகைக்கென்று யாரையும் தொடவிடாமல் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து வந்து பெரியாயியைச் சுற்றினாள். தலையைத் துவட்டினாள். தன் கட்டிலில் படுக்க வைத்துப் போர்வையைப் போர்த்திவிட்டாள்.

லுஹர் நேரம் வந்தது. தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் உடுப்பெல்லாம் நனைந்து, என்னென்னவோ பட்டு நாறிக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லாத இடத்தில் மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்யலாம் என்று சின்ன வயதில் ஓதியது ஞாபகம் வந்தது. சுவர்ப் புழுதியில் உள்ளங்கையை ஒற்றி முகத்தில் தடவிக்கொண்டாள். நின்றாள். நிய்யத் வந்ததா என்று குரல் கேட்டது. வந்ததோ வராததோ, கையை இறக்காமல் தொழுதாள். ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தபோது, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் அல்லாவிடம் ஒன்றைக் கேட்டாள்: யா அல்லாஹ், இந்த மனுசிக்குக் காய்ச்சல் வந்துவிடக் கூடாது.

அழுகை வந்தது. ஸைனபை அடக்கிய அன்றைக்கு வராத அழுகை.

அன்றோடு சுகமாகிவிட்டாள் என்று சொன்னால் அது பொய். மறுநாள் பைப்பில் தண்ணீர் வந்ததும் பழையபடி முப்பது தடவை கழுவினாள். மருந்தை மாற்றினார்கள், அது மெதுவாக வேலை செய்தது. ஒரு டாக்டரம்மா வாரத்தில் ஒரு நாள் உட்கார வைத்து அவளோடு அரைகுறைத் தமிழில் பேசினாள். முப்பது இருபதாகி, இருபது பத்தாக ஒரு வருஷம் ஓடியது. ஆனால் அந்த மத்தியானத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு வேலை இருந்தது. தினமும் பெரியாயியைக் குளிப்பாட்டுவாள். மூன்றாவது வாளியில் பெரியாயி முகத்தை நிமிர்த்திப் பார்ப்பாள். ஜெனீரா நிறுத்திவிடுவாள்.

பெரியாயி கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினாள். முதலில் ஜெனீராவை "அம்மா" என்று கூப்பிட்டாள்.

"அம்மா எண்டு கூப்பிட வாணாம். ஒங்கள விட எனக்கு வயசு கொறவு."

"கடைக்கார வூட்டு அம்மாவ வேற எப்படிங்க கூப்புடுறது?"

"அந்தச் சொல்லு எனக்கு ஏலாது" என்றாள் ஜெனீரா. பெரியாயி காரணம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தங்கச்சி என்றே கூப்பிட்டாள்.

இரண்டு பேரும் வராந்தாவில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில் பெரியாயி கேட்டாள். "தங்கச்சி, ஒரு நாளைக்கு அஞ்சு தடவ கும்புடுறீங்களே. என்ன கேப்பீங்க?"

ஜெனீரா இத்தனை காலமும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சரியா பிழையா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "கேக்கிறதுக்கு எனக்கு நேரம் கெடச்சதில்ல" என்றாள்.

"எங்க சாமிகிட்ட நான் நெறய கேப்பேங்க. கடசியா வயித்துல இருந்த எம் மூணாவது புள்ளயக் கேட்டேன். குடுக்கல. கொழுந்துக் கூடையோட மலையில நிக்கிறப்பவே போயிருச்சு. அப்பறம் எதுக்குப் பேசணும்னு இருந்துட்டேன்."

அப்போதுதான் ஜெனீரா, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னாள். நனைந்த விறகு, வீறிட்டு அழுத பிள்ளை, அலசிய போத்தல். பெரியாயி குறுக்கே பேசாமல் கேட்டாள். உன்மேல் பிழை இல்லை என்று ஆறுதல் சொல்லவில்லை. "அதுக்குப் பசிச்சிருக்குங்க. நீங்க குடுத்தீங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஜெனீராவின் வெடித்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஜெனீரா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் தாஸிம் வந்து அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனார். பெரியாயியும் எழுந்து நடமாடுகிற நிலைக்கு வந்திருந்தாள். அவளை அழைத்துப்போக யாரும் வரவில்லை. தோட்டத்துக்குப் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. "எங்க வூட்டுக்காரர ஒருக்கா பாத்துச் சொல்லுங்க தங்கச்சி. நான் பேசுறேன்னு சொல்லுங்க" என்று வாசல்வரை வந்து சொல்லியனுப்பினாள்.

மறுவருஷம் ஆவணியில் ஜெனீராவும் தாஸிமும் மடுல்சீமைக்குப் போனார்கள். பஸ் நின்ற இடத்திலிருந்து தேயிலைக்குள் இரண்டு கட்டைத் தூரம் நடை. அட்டைக்கடியோடு அந்த லயத்தைக் கண்டுபிடித்தபோது, மாடசாமியின் காம்பரா அறையில் வேறு யாரோ இருந்தார்கள். அடுத்த காம்பரா லெட்சுமி, கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவள், தாஸிமைத் துணிக்கார நானா என்று அடையாளம் கண்டுகொண்டாள்.

"மாடசாமியண்ணே போயிட்டாருங்க. போன சித்திரையிலயே. தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்புறாங்கல்ல, பாஸ்போட்டு வந்துருச்சு, நாள் குறிச்சிட்டாங்க. அந்தத் தேதிய விட்டா அடுத்தது எப்பன்னு யாருக்குத் தெரியும்? கப்பலுக்குத் தலமன்னார்க் கோச்சி ஏறிப் போயிட்டாங்க."

"புள்ளைங்க?" என்று கேட்டாள் ஜெனீரா.

லெட்சுமி கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். "அம்மா செத்துப்போச்சுன்னு சொன்னாருங்க. இல்லாட்டி அதுங்க லொறியில ஏறாதுங்க. அப்படியும் மூத்த பொண்ணு ஏற மாட்டேன்னு தூணப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சு. அவரக் கொற சொல்லாதீங்க. ரெண்டு தடவ கொழும்புக்குப் போயிப் பாத்தாரு. ரெண்டு தடவயும் அது இவரு மூஞ்சியப் பாக்கல. செவத்தப் பாத்துக்கிட்டே படுத்திருந்துச்சாம்."

"இந்தியாவுல எந்த ஊரு?"

"திருச்சிப் பக்கம்னாங்க. அவருக்கே தெரியாதுங்க. பாட்டன் காலத்து ஊரு."

வீட்டுக்கு வந்ததும் ஜெனீரா முற்றத்துப் பைப்படிக்குப் போய்க் கை கழுவத் தொடங்கினாள். ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. தாஸிம் பக்கத்தில் நின்றார், தடுக்கவில்லை. கடைசியில் அவளே பைப்பை மூடினாள். "நான் போய்ச் சொல்லோணும்" என்றாள்.

"கடிதம் போடுவோமே."

"அவவுக்கு வாசிக்கத் தெரியாது. வேற யாரும் வாசிச்சுக் காட்டக் கூடாது."

ரயிலில் போகும் வழியெல்லாம் அல்லாவிடம் ஒன்றுதான் அவள் கேட்டாள்: சொன்ன பிறகு அந்த மனுசி திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடக் கூடாது. அதே வராந்தாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். செத்துப்போனதாகச் சொன்னதையும் மறைக்கவில்லை.

பெரியாயி வெகுநேரம் பேசவில்லை. அவள் பார்வை சுவர்ப் பக்கம் போகிறதா என்று ஜெனீரா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளைங்க அழுதுச்சுங்களாமா?"

"ஓம். மூத்தவ தூணப் புடிச்சிட்டு ஏற மாட்டேண்டு அழுதாளாம்."

"அப்ப என்ன மறக்கலங்க" என்றாள் பெரியாயி. கொஞ்சம் கழித்து, சிரிப்பா என்னவென்று தெரியாத ஒன்று அவள் உதட்டில் வந்தது. "வருசா வருசம் எனக்குப் படையல் வப்பாங்க. உசிரோட இருக்கிறவளுக்கு."

அவள் சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. ஆனால் போவதற்கும் இடமில்லை. அந்த நாட்டுக்காரி என்றும் எழுதப்படவில்லை, இந்த நாட்டுக்காரி என்றும் எழுதப்படவில்லை. பொறுப்பேற்கச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஜெனீரா எங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்று இரண்டு தடவை எழுதிக் கேட்டாள். சொந்தம் என்று காட்ட எதுவும் இல்லாததால் முடியவில்லை. அதனால் பெருநாள் முடிந்த கையோடு வருஷத்துக்கு இரண்டு தடவை ஜெனீரா ரயில் ஏறுவாள். தொதல் இனிப்பும் ஒரு சேலையும் கொண்டுபோவாள். பெரியாயியின் தலையைச் சீவி எண்ணெய் வைப்பாள். பெரியாயி வார்டில் புதிதாக வருகிறவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "மூணு வாளிக்கு மேல ஊத்தமாட்டேன் தங்கச்சி" என்று சிரிப்பாள்.

நிஸாம் பண்டாரவளையிலேயே வளர்ந்தான். நபீலாவை உம்மா என்றான். ஜெனீராவைப் பதுளை உம்மா என்றான். நபீலா கெட்டவள் இல்லை. பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தாள், எழுபத்திரண்டில். பையன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவன் அழுகையைப் பார்த்துவிட்டு, "கூட்டிக்கொண்டு போங்க மதினி" என்றது ஜெனீராதான்.

நிஸாம் பதினைந்து வயதில் விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு நாள், சோறு வைத்துக்கொண்டே அவள் சொன்னாள். "மகன், அண்டைக்கு நான் ஒன்னத் தள்ளினேன். சுகமில்லாம இருந்தேன். அதுக்காக அது சரியெண்டு ஆகாது."

அவன் தட்டைப் பார்த்தபடி சொன்னான். "எனக்கு ஒண்டும் ஞாபகமில்ல உம்மா."

பதுளை என்ற சொல் அதில் இல்லை. அவன் நெற்றியில் தழும்பு இருந்தது. நிஜமாகவே மறந்துவிட்டானா, தாய் மனம் நோகக்கூடாது என்று சொன்னானா என்பதை அவள் துருவிக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கறி ஊற்றினாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் வைகாசியில் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. தாஸிம் கடையிலிருந்தே வாசித்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் ஜெனீராவுக்கு விளங்கிவிட்டது. பெரியாயிக்கு நெஞ்சுச் சளி, ஒரு வாரம்தான் படுத்தாளாம். கடிதம் வந்து சேர ஒன்பது நாள் எடுத்திருந்தது. ஜெனீரா போனபோது பொது மையானத்தில் புதைத்தாகிவிட்டது. காவல்காரன் புல் முளைக்காத நாலைந்து மேடுகளைக் கையால் காட்டி, இதில் ஒன்று என்றான்.

எந்த மேட்டுக்கு முன்னால் நிற்பது என்று தெரியாமல் நின்றாள். வேறு சாமியைக் கும்பிட்டவளுக்காகக் கையேந்தலாமா, கூடாதா? பழைய குரல் கேட்டது. முன்பென்றால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் தூங்காமல் இருந்திருப்பாள். இப்போது அந்தக் குரல் பேசட்டும் என்று விட்டுவிட்டு இரண்டு கையையும் ஏந்தினாள். ஒரே ஒரு தடவை கேட்டாள். சொல் சரியாக வந்ததா என்று திரும்பிப் பார்க்கவில்லை. மேடுகளில் எது அவளுடையது என்று தெரியாததால் எல்லாருக்குமாகக் கேட்டுவிட்டு வந்தாள்.

தாஸிம் எண்பத்திரண்டில் மவுத்தானார். கடையைச் சின்னதாக்கி ஜெனீராவே நடத்தினாள். நிஸாம் வேலைக்குப் போன ரியாதிலிருந்து கடிதம் எழுதினான். பண்டாரவளைக்கு ஒன்று, பதுளைக்கு ஒன்று. பதுளைக் கடிதம் கொஞ்சம் சிறியதாக இருக்கும். அவள் அதை அளந்து பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தாள், எல்லா நாளும் முடியவில்லை.

ஊரில் அவளை இன்னும் சிலர் ஓயாவில் நின்றவள் என்றுதான் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்குள்ளே யாருக்காவது மனசு கலங்கிப் போனால், ஓதிப் பார்க்கத் தைக்காவுக்கும் நாட்டு மருந்துக்குப் பரிசாரியிடமும் போய் அலுத்தவர்கள், கடைசியில் அவள் கடையைத் தேடி வந்தார்கள். எண்பத்தைந்தில் ஹாலி-எலயிலிருந்து ஒருவர் தன் மனைவி காமிலாவைக் கூட்டி வந்தார். பிள்ளை பெற்று ஐந்து மாதம், அடுப்படிக்குப் போகவே பயப்படுகிறாள், கத்தியைக் கண்டால் நடுங்குகிறாள்.

"நீங்க ஓதிப் பாப்பீங்களெண்டு சென்னாங்க" என்றார் அவர்.

"எனக்கு வைத்தியமும் தெரியா, ஓதவும் தெரியா. ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் கூட வாறேன்" என்று ஜெனீரா கடைக் கதவைச் சாத்தினாள்.

வெளிநோயாளர் பகுதியின் வாங்குப் பலகையில் இடம் பிடித்துக் காமிலாவை உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் முந்தானையைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "ராத்தா, ஒங்களுக்கு முழுசா சுகமாயிட்டா?"

"இல்ல. இண்டைக்குக் காலையிலயும் நாலு தரம் கழுவினேன்."

காமிலா திகைத்துப் பார்த்தாள். ஜெனீரா தன் கையை நீட்டிக் காட்டினாள். தோல் சுருங்கி, விரல் கணுக்களில் பழைய வெடிப்பின் கோடுகள் வெளுத்துக் கிடந்தன.

"ஆனா தொழுறேன். கடயப் பாக்கிறேன். ரோட்டால போறப்ப யாரும் பேசினா நிண்டு பேசுறேன். முந்தி எனக்கும் அல்லாவுக்கும் நடுவுல இந்தக் கை ரெண்டுந்தான் இருந்திச்சு. இப்ப மத்த ஆக்களும் இருக்கிறாங்க."

அது காமிலாவுக்கு விளங்கியதா தெரியவில்லை. உள்ளே இருந்து அவளுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. ஜெனீரா எழுந்து அவள் கையைப் பிடித்தாள்.

"வாங்க" என்றாள். இருவரும் உள்ளே போனார்கள்.